சேமிப்பவர்கள் ஏமாளிகளா?

மக்களவையில் 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி புதிய வருமான வரி மசோதா நிறைவேறியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட மசோதா அது. மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் வரவு செலவையும் தொடக்கூடிய அந்த மசோதா, பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பாக எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளிக்கு இடையே, விவாதம் ஏதுமின்றிச் சில நிமிஷங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அடுத்த ஒன்பதாவது நாளில், பணம் கட்டி விளையாடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவும் அறிமுகமான அன்றே, அதேபோன்ற அமளியில், அதே வேகத்தில் மக்களவையின் ஒப்புதலைப் பெற்றது.

ஒன்று சேமிப்போடு தொடர்புடையது. மற்றொன்று சூதாட்டத்தோடு தொடர்புடையது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்து, நமது குடும்பங்களின் பணம் எங்கே போய்க் கொண்டிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டிய அவை, அந்த வாய்ப்பை நழுவவிட்டது. வருமான வரி மசோதாவைத் தேர்வுக் குழு ஆராய்ந்தது என்பது உண்மைதான். ஆனால், குழு அறையில் நடக்கும் ஆய்வு, அவையில் மக்கள் அறிய நடக்கும் விவாதத்துக்கு ஈடாகாது. இதில் ஆளும்கட்சிக்கு மட்டுமல்ல, கூச்சலிட்ட எதிர்க்கட்சிகளுக்கும் சமமான பங்குண்டு.

தில்லியில் ராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஒருவகையில் சேமிப்புக் காலம். ஆயுள் காப்பீட்டுத் தவணை ரசீது, தேசிய சேமிப்புப் பத்திரம், பொது வருங்கால வைப்பு நிதியின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைச் சம்பளப் பிரிவில் கொடுத்தால்தான் வரிப் பிடித்தம் குறையும். கையில் பணம் இல்லாவிட்டால் கைமாற்று வாங்கியாவது அஞ்சலகத்தில் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு அது சுமையாகத் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மகளின் திருமணத்துக்கோ, மகனின் பொறியியல் படிப்புக்கோ அந்தப் பணம் முதிர்ந்து கைக்கு வந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. வரிக்குப் பயந்து சேமித்தது, வாழ்க்கைக்கு உதவியது.

80-சி என்று பரவலாக அறியப்பட்ட சலுகைக்கான உச்சவரம்பு 2005-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ஒரு லட்சம் ரூபாயாகவும், 2014-இல் ஒன்றரை லட்சம் ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக, விலைவாசி எவ்வளவோ உயர்ந்தும், அந்த வரம்பு உயர்த்தப்படவில்லை. 2020 பட்ஜெட்டில் சலுகைகள் இல்லாத புதிய வரி முறை விருப்பத் தேர்வாக அறிமுகமானது. 2023-இல் அதுவே இயல்பான முறையாக்கப்பட்டு, பழைய முறை வேண்டுவோர் கேட்டுப் பெற வேண்டும் என்றானது. 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலை இறுதி வரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி, அதாவது 72 சதவீதம், புதிய முறையிலேயே தாக்கலாகின.

புதிய சட்டத்தில் 80-சி பிரிவு 123-ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே அதனால் பயன். பெயர்ப்பலகை இருக்கிறது, கடை ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது.

இதற்கு அரசுத் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. எதில் சேமிப்பது என்பதை அரசு ஏன் தீர்மானிக்க வேண்டும், பணத்தை மக்கள் கையிலேயே விட்டுவிடலாமே என்பது அந்த வாதம். வரி விலக்கு என்கிற பெயரில், மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், என்னவென்றே தெரியாத காப்பீட்டுப் பாலிசிகள் தலையில் கட்டப்பட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். சேமிக்க வசதியில்லாதவருக்கு அந்தச் சலுகையால் எந்தப் பயனும் இருக்கவில்லை என்பதும் சரியே. வரிக் குறைப்பால் நடுத்தர வகுப்பினர் கையில் கூடுதல் பணம் தங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

கேள்வி அதுவல்ல. கையில் தங்கிய பணம் எங்கே போகிறது?

குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி, காப்பீடு, வைப்பு நிதி போன்றவற்றில் போட்ட பணத்திலிருந்து வாங்கிய கடனைக் கழித்தால் மிஞ்சுவது, 2020-21-இல் நாட்டின் ஒட்டுமொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கொள்ளைநோய்த்தொற்றுக் காலத்தில் செலவழிக்க வழியில்லாமல் கூடிய அளவு அது. ஆனால், 2022-23-இல் அது ஏறத்தாழ 5 சதவீதமாகச் சரிந்தது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளில் காணாத சரிவு. மக்கள் கடன் வாங்கி வீடும் வாகனமும் வாங்குகிறார்கள், அதுவும் சேமிப்புதான் என்று நிதியமைச்சகம் விளக்கமளித்தது. வீட்டுக் கடனைப் பொருத்தவரை அது சரியாக இருக்கலாம். கைப்பேசிக்கும் சுற்றுலாவுக்கும் மாதத் தவணை கட்டுபவருக்கு அந்த விளக்கம் பொருந்தாது. சரிவுக்கு வரி முறை மாற்றம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், சரியும் வேளையில் தாங்கிப் பிடிக்க வேண்டிய கையை அரசு விலக்கிக் கொண்டது என்பது உண்மை.

அரசு விலகிய இடம் காலியாக இருக்கவில்லை. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான 'செபி' 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்று தெரிவித்தது. மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல். அதில் ஈடுபட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சம் ரூபாய்க்கும் குறைவு என்று அறிவித்தவர்கள். 2023-24-இல் இவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதை எட்டாதவர்கள். கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்ட பிறகும், 2024-25-இல் தனிநபர்களின் நஷ்டம் ரூ.1.05 லட்சம் கோடியைத் தாண்டியது என்று அதே அமைப்பு 2025 ஜூலையில் கூறியது. இது முதலீடல்ல, பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒன்பது பேர் தோற்றுப் போகும் ஆட்டம். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் அரசுக்கு வரி கிடைக்கிறது என்பது இதிலுள்ள வேதனையான வேடிக்கை.

இணையவழிச் சூதாட்டத்தால் உயிர்கள் பறிபோனபோது தமிழகம் தடைச் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற முடிந்தது. இந்த விளையாட்டுகளில் 45 கோடிப் பேர் ஆண்டுதோறும் சுமார் ரூ.20,000 கோடியை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்ட மத்திய அரசு, 2025-இல் தடை விதித்தது. தாமதமானாலும் வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், இருபதாயிரம் கோடி இழப்புக்குத் தடை, லட்சம் கோடி இழப்புக்கு எச்சரிக்கை வாசகம் என்பது என்ன கணக்கு?

சேமிப்பவர்களின் நம்பிக்கையைக் காப்பதிலும் அரசு கவனமாக இருக்கவில்லை. 2021 மார்ச் 31 மாலை, சிறுசேமிப்புகளுக்கான வட்டி கடுமையாகக் குறைக்கப்பட்டது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 7.1 சதவீதம் 6.4 சதவீதமானது. மறுநாள் காலையில், கவனக்குறைவால் வெளியான உத்தரவு என்று கூறி நிதியமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். அன்று மேற்கு வங்கத்திலும் அசாமிலும் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு. தமிழகத்தில் தேர்தலுக்கு ஐந்து நாள்கள் இருந்தன. ஓய்வுபெற்றவரின் மாத வருமானம் தேர்தல் அட்டவணையைப் பார்த்து முடிவாகக் கூடாது.

மத்திய அரசில் 2004 ஜனவரிக்குப் பிறகும், தமிழக அரசில் 2003 ஏப்ரலுக்குப் பிறகும் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தனியார் நிறுவன ஊழியர்களுக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. முதுமைக்கு நீயே பொறுப்பு என்று சொல்லும் அரசு, அந்தப் பொறுப்பை நிறைவேற்ற உதவும் சேமிப்புக்கு ஊக்கமளிக்காமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?

புதிய வரி முறையிலும், பத்தாண்டுகளுக்கும் மேலான நீண்டகாலச் சேமிப்புக்கு மட்டுமாவது ஒரு சலுகை தரப்பட வேண்டும். சிறுசேமிப்பு வட்டி, வெளிப்படையான சூத்திரத்தின்படி மட்டுமே மாற வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் முன்பேர வணிகத்தில் நுழைவதற்குத் தகுதி வரம்பு வேண்டும். பள்ளிகளில் ஒரு காலத்தில் இருந்த சஞ்சாயிகா போன்ற மாணவர் சேமிப்புத் திட்டத்துக்கு இன்றைய வடிவில் உயிர் கொடுக்க வேண்டும்.

அரசு வரும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. செலவு போக மிஞ்சுவதைச் சேமிப்பது என்பதை மாற்றி, சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு மீதியில் செலவைத் திட்டமிடுவது நம் பாட்டிகள் அஞ்சறைப் பெட்டியில் செய்து காட்டிய பொருளாதாரம். ஆறு மாதச் செலவுக்கான தொகை எப்போதும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். வங்கி வைப்புகளுக்கான காப்பீட்டு வரம்பு 2020-இல் ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. எனவே, மொத்தப் பணத்தையும் ஒரே கூட்டுறவு வங்கியில் குவிப்பது விவேகமல்ல. கடன் வாங்கிப் பங்குச் சந்தையில் இறங்குவதும், ஊருக்கு மேல் வட்டி தருவதாகச் சொல்பவரை நம்புவதும் வேண்டவே வேண்டாம்.

செலவழிக்கும் குடும்பத்தால் சந்தை வளரும். சேமிக்கும் குடும்பத்தால்தான் நாடு நிற்கும்.