மழை எல்லாருக்கும் ஒன்று, நிவாரணம்?

‘‘பசுமைப் படை மாணவர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்லித்தர வேண்டும். பனிமலை உருகுவதைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். வயலோடு சேர்த்துச் சொல்ல வழி உண்டா?’’

- வாசகர், சுவாமிமலை.

உண்டு. பனிமலையை விட்டுவிட்டு, 2023 பிப்ரவரியில் தொடங்கலாம். டெல்டாவில் சம்பா அறுவடைக்கு நின்ற நேரம். பருவம் தப்பிய மழையில் கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தது. 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என அரசு அறிவித்தது.

இந்த இடத்தில் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: அந்தப் பணம் யார் கைக்குப் போகும்?

வரப்புக்கு இந்தப் பக்கம் பட்டாதாரர். அடங்கலில் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கம் வாய்மொழிக் குத்தகைதாரர். விதை, உரம், உழவு எல்லாம் அவர் செலவு, பதிவேட்டில் மட்டும் நிலச் சொந்தக்காரர் பெயர். மூன்றாமவர், அறுவடைக் கூலியை நம்பியிருந்த தொழிலாளி. பயிர்ச்சேதக் கணக்கில் அவருக்கு இடமே இல்லை. காரும் ஏ.சி.யும் இல்லாத வீடுகள் இவை. காற்றைக் குறைவாகக் கெடுத்தவர் அதிகமாக இழப்பது ஏன் என்று கேட்பதுதான் சுற்றுச்சூழல் நீதி.

அடுத்தது களவேலை. மாணவர்கள் ஒரு நோட்டோடு 20 வீடுகளுக்குப் போகட்டும். பயிர் செய்பவர் யார், அடங்கலில் யார் பெயர், காப்பீடு செய்தாரா என்ற மூன்று கேள்விகள் போதும். குத்தகை பறிபோகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதனால் நோட்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போடலாம். சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம் என்பதை அந்த வீடுகளிலேயே சொல்லிவிட்டு வரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்றோடு கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். குத்தகையையே பதிவு செய்ய 1969-ம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது.

கூலித் தொழிலாளிக்கு இவை எதுவும் உதவாது. அந்தக் குறையை மாணவர்களே கிராம சபையில் எழுந்து கேட்கட்டும். தகப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊரில், பெரியவர்கள் காதுகொடுக்காமலா போவார்கள்?