உலா வருகிறது, யானை யாருடையது?

பக்கத்து வீட்டுப் பையன் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் வருகிறான். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்ட பிறகு இந்த ஊர் இளைஞர்கள் பலருக்கும் அதுதான் ஷிஃப்ட். போன மாதம் ஒரு ஞாயிறு, கேட்காமலே என் செல்போனை எடுத்து எதையோ தட்டினான். "நம்ம ஆளுங்க செஞ்ச பிரவுசர்ண்ணா. இனிமே இதுலயே பாருங்க."

பெயர் உலா. சென்னையின் ஸோஹோ நிறுவனம் 2023ல் வெளியிட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் ஒட்டக்கூத்தர்தான் நினைவுக்கு வருவார். சோழன் யானை மேல் வீதி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் வைத்த கண் வாங்காமல் பார்த்து ஏங்குவார்கள். ஸோஹோவின் உலாவோ, போகிறவரை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக! இன்டர்நெட்டில் ஒரு தடவை செருப்பு விலை பார்த்தால் ஒரு வாரம் செருப்பு விளம்பரம் துரத்துகிறதல்லவா? அப்படி நம்மை வேவு பார்க்கும் நிரல்களை இது தடுக்கிறது. ஆபீசுக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி அறைகள் வேறு. தெரிந்தோ தெரியாமலோ, பெயர் வைத்தவர் சிற்றிலக்கியத்தைத் தலைகீழாக்கிவிட்டார்.

இது முதல் முயற்சி அல்ல. எங்களுக்கு 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூருவில் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் என்ற சிறு நிறுவனம் 2010 ஜூலையில் எபிக் என்ற பிரவுசரைக் கொண்டுவந்தது. ஃபயர்ஃபாக்ஸின் அடித்தளத்தில் 12 இந்திய மொழிகளில் தட்டச்சு, வைரஸ் தடுப்பு, திரைக்கு இந்திய ஓவியங்கள் என்று கல்யாண வீடு மாதிரி ஜோடித்திருந்தார்கள். 2013ல் தோரணங்களைக் கழற்றிவிட்டு, அந்தரங்கம் காப்பதே வேலை என்று குரோமியம் அடித்தளத்துக்கு மாறியது எபிக். புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன்.

உலாவுக்கும் குரோமியம்தான். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சின் அதற்குள் இருக்கிறது. கூகுள் முன்னின்று வளர்ப்பது; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டே சொந்த எஞ்சினைக் கைவிட்டு, 2020ல் எட்ஜுக்கு இதைத்தான் பூட்டியது. ஆனால் மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் உலா முதல் பரிசாக 1 கோடி ரூபாய் வென்று, 'சுதேசி பிரவுசர்' என்ற பேச்சு கிளம்பியபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பழைய வகை விளம்பரத் தடுப்பான்களை 2024ல் குரோம் நிறுத்தத் தொடங்கியதும், அதே எஞ்சினை ஓட்டும் மற்றவர்களும் என்ன செய்வதென்று யோசிக்க வேண்டி வந்தது. யானை திரும்பினால் அம்பாரியும் திரும்பும்.

பையனிடம் சொன்னேன். "எஞ்சின் யாருதா இருந்தா என்னண்ணா, ஓட்டறது நாமதானே?"

அவன் கொள்ளுத்தாத்தா சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், கூண்டை இறக்கி ஏற்றிய எஞ்சின் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. தங்கமும்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

உலாவை அழிக்கவில்லை. இரண்டு வாரமாகச் செருப்பு விளம்பரம் கண்ணில் படவில்லை.