கஞ்சி சட்டைக்குப் போகட்டும்

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, "சில வாரம் தானியம் எதுவும் வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், சோற்றுக் கவலைக்கு அடுத்தபடி நம் வீடுகளில் எழுவது குழம்புக் கவலை. மாவு கரைத்து ஊற்றாமல் குழம்பு எப்படிக் கெட்டியாகும்? சாம்பார் நீர்த்தால் அரிசி மாவு, குருமா ஓடினால் மைதா என்று பழகிய கை கேட்கும் கேள்வி இது. இதைவிட மோசம், "மைதாதானே ஆகாது, கார்ன்ஃப்ளவர் போடலாமே" என்ற சமாதானம். மக்காச்சோளம் என்ன, காய்கறியா?

இப்படிச் சொல்பவர்கள் கேரளத்தின் மட்டாஞ்சேரிப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கட்டும். தீயல் கொதிக்கும். தேங்காய்த் துருவலைக் கருஞ்சிவப்பாக வறுத்து, மல்லி மிளகாயோடு எண்ணெய் விடும்வரை அரைத்த விழுதுதான் அதன் கெட்டி. எரிசேரியில் மசிந்த பூசணிக்காயே போதும். நம் மோர்க்குழம்புக்குப் பச்சரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைக்கிறோம். அவர்களுடைய புளிசேரிக்குத் தேங்காயும் சீரகமும் போதும். குறுக்கு காளனில் தயிரே வற்றி வற்றிக் கெட்டிப்படுகிறது. தயிரும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா? காளனை விடுங்கள், தீயல் இருக்கிறது.

மாவு செய்வது ஒரே வேலை. ஏறக்குறைய 60, 70 டிகிரி சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பும், அவ்வளவுதான். ருசி எதுவும் தராது. இருக்கும் உப்பையும் புளியையும் மங்கவைக்கும். குழம்பில் காய் குறைந்ததை, தேங்காய் குறைந்ததை, பொறுமை குறைந்ததை மறைக்கும் திரை அது.

"தேங்காய் விற்கிற விலையில்..." என்பார்கள். நியாயம்தான். ஒரு பத்தை பூசணியை வேகவைத்து மசிக்க என்ன செலவு? சின்ன வெங்காயத்தைக் கரையும்வரை வதக்கினாலும் குழம்பு திரளும். மாவே வேண்டுமென்றால் மரவள்ளி மாவும் கூவைக்கிழங்கு மாவும் கிழங்கிலிருந்து வருபவை. அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு ஸ்பூன் கரைத்து விட்டால் போதும்.

மைதா டப்பாவைத் தூக்கி எறிந்தவர்கள் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படிக்கட்டும். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. குழம்பில் கண்ணுக்குத் தெரியும் மாவுக்காக இத்தனை கவலைப்பட்டவர்கள், தெரியாத மாவைத் தினமும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மட்டாஞ்சேரிக்கு அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வேளி டோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். அரிசிக் கஞ்சியில் முக்கி உலர்த்தி, பெட்டி போட்டு எடுத்த சட்டை விறைப்பாக நிற்கும். அங்கே அந்தக் கஞ்சிக்கு வேலை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. குழம்பு விறைத்து நிற்க வேண்டிய அவசியம் என்ன?