உமிழ்நீரை ஒதுக்குவோர் கணக்கில் விடுபட்டவர்கள்

உமிழ்நீரைக் கொண்டு நோயறியலாம் என்று சொன்னால் மருத்துவ வட்டாரங்களில் இன்றும் ஒரு முகச்சுளிப்பு எழுகிறது. இரத்தத்துக்கு உள்ள மதிப்பு எச்சிலுக்கு இல்லை. அந்த முகச்சுளிப்பு அறிவியல் மொழியில் பேசும்போது, "உணர்திறன் போதாது" என்கிறது. அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை.

ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நோயாளிகளின் மாதிரிகளில் எத்தனையில் நோய் பிடிபடுகிறது என்பதே உணர்திறன். வந்து சேராத மாதிரியைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நோயாளிகள் 100 பேர். 90 விழுக்காடு உணர்திறன் உள்ள சோதனைக்கு 60 பேரால் மட்டுமே மாதிரி தர முடிந்தால், கண்டறியப்படுவோர் 54 பேர். 75 விழுக்காடே உணர்திறன் உள்ள சோதனைக்கு 95 பேர் மாதிரி தந்தால், 71 பேர். உயர்ந்ததெனக் கொண்டாடப்படும் சோதனை 17 பேரைக் கூடுதலாகக் கைவிட்டுவிட்டது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் கொண்ட இந்தியாவில் இது ஏட்டுக்கணக்காக நின்றுவிடாது. வழக்கமான சோதனை, ஆழ்ந்து இருமிச் சளி தரச் சொல்கிறது. பெரியவர்களிலேயே பலருக்கு அது வருவதில்லை. சிறு குழந்தைகளோ சளியை விழுங்கிவிடுவார்கள். விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுக்க வேண்டியிருக்கிறது. நாக்கைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியிலும் காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டறியலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன் உணர்திறன் சளியைவிடக் குறைவு. ஆயினும் சளியே தர இயலாதவருக்குச் சளிச் சோதனையின் உணர்திறனால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு எச்.ஐ.வி. துறை முன்பே விடை கண்டது. வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓராகுவிக் வாய்நீர்ச் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் ஒப்புதல் அளித்தது. தொற்றுள்ள 12 பேரில் ஒருவரை அது தவறவிடக்கூடும் என்பது அப்போதே தெரியும். மருத்துவமனைப் படியேறத் தயங்குவோரை அது சென்றடையும் என்பதும் தெரியும். வாய்நீரில் தொற்று தென்பட்டால் ஆய்வகச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வழி திறக்கப்பட்டது.

இந்தியாவிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. உப்புநீரால் தொண்டையையும் வாயையும் கொப்பளித்து ஒரு குழாயில் உமிழ்ந்தாலே கொரோனாச் சோதனைக்குப் போதும் என்ற முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒப்புதல் 2021 மே இறுதியில் அறிவிக்கப்பட்டபோது, இரண்டாம் அலை உச்சத்தைக் கடந்திருந்தது.

ஒரு துளி எச்சிலில் எல்லா நோயும் தெரியும் என்று கூவி விற்போருக்கு இந்த வாதம் துணைபோகாது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே, இந்திய நோயாளிகளிடம், வெளிப்படையாகச் சோதித்து நிறுவப்படாத எந்தக் கருவியும் சந்தைக்கு வரக்கூடாது. அதே கண்டிப்பு மறுப்போருக்கும் பொருந்த வேண்டும். உமிழ்நீர்ச் சோதனையை நிராகரிக்கும் ஒவ்வொரு குழுவும், மாதிரி தர இயலாமல் விடுபட்டோர் எத்தனை பேர் என்ற எண்ணையும் தன் அறிக்கையில் எழுதட்டும். அந்த எண் இல்லாத அறிக்கையை நாடாளுமன்றக் குழுவும் ஏற்கக்கூடாது, ஆய்விதழ்களும் ஏற்கக்கூடாது.