அந்தத் துணியைப் பிடுங்காதீர்கள்

பள்ளிகள் திறந்த வாரம். மழலையர் பள்ளிக் கட்டணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ரசீதுகளைக்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் திங்கட்கிழமை பள்ளி வாசலில் நடந்தது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பேத்தியின் சேலைத் துண்டைத் தெரியும். தூளி கட்டிய நூல் சேலை நைந்துபோய் மிஞ்சிய துண்டு, கைக்குட்டை அளவுதான். ஒரு முனையைக் கட்டைவிரலோடு சேர்த்து வாயில் வைத்துக்கொண்டு, மறு முனையால் மூக்கு நுனியை வருடுவாள். அப்புறம்தான் தூக்கம். "அழுக்குத் துணி, உள்ளே விடமாட்டோம்" என்று அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. வெறுங்கையை மூடி மூடித் திறந்தாள். அழுதிருந்தால் தேவலை.

டொனால்ட் வின்னிகாட் லண்டனின் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் 1923 முதல் 40 ஆண்டுகள் இருந்த மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். 1951இல் அவர் வாசித்த கட்டுரை இத்தகைய துணிகளையும் பொம்மைகளையும் பற்றியதுதான். 1971இல் வந்த ‘பிளேயிங் அண்ட் ரியாலிட்டி’ நூலின் முதல் அத்தியாயமும் அதுவே. என் பிரதியில் அந்தப் பக்கங்கள் தனியே கழன்றுவிட்டன.

பசித்ததும் பால் வருகிறது. தான் நினைத்ததால்தான் வந்தது என்றே சிசுவுக்குத் தோன்றும் என்கிறார். அம்மா வேறு, தான் வேறு என்று மெல்லத் தெரியவரும்போது அது ஒரு துணியைப் பற்றிக்கொள்கிறது. அந்தத் துணி அம்மாவும் இல்லை, குழந்தையும் இல்லை. இருவருக்கும் நடுவே இருப்பது. துவைத்தால் வாசனை போகும். அதோடு குழந்தைக்கு அதன் தொடர்ச்சியே அறுந்துவிடும். அதனால்தான் அழுக்கானாலும் நாறினாலும் விவரமறிந்த தாய் அதைத் தொடுவதில்லை. வளர வளர, குழந்தை அதை மறப்பதுமில்லை, அதற்காக ஏங்குவதுமில்லை. அதன் அர்த்தம் விளையாட்டிலும் கலையிலும் பரவிக் கரைந்துவிடுகிறது. ஏழெட்டு வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் துணி போய்ச் சேர்ந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்கிறார்: இழப்பு நெருங்குகிறது என்று பட்டால், கைவிட்ட துணியைக்கூடக் குழந்தை மறுபடி தேடும். பள்ளியின் முதல் நாளைவிட அப்படிப்பட்ட நாள் வேறு எது? அன்றைக்கா பிடுங்குவது?

கட்டணம் அடுத்த வாரம். மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கு இந்த வாரம் ஒரே வேண்டுகோள்: அந்தத் துணி பையின் ஓரத்தில் கிடந்துவிட்டுப் போகட்டும். வேளை வந்தால் குழந்தையே அதைக் கீழே போட்டுவிடும்.