வண்டி என்னுடையது, பூட்டு யாருடையது?

போன ஐப்பசியில் ஒரு நாள். திருவாரூரிலிருந்து நாகைக்குப் போகிற வழியில், கீழ்வேளூர் கடைத்தெருவில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். ஐந்தே நிமிஷம். திரும்பி வந்து பட்டனை அமுக்கினால் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இந்த ஊர்ச் சாமிக்குப் பேர் கேடிலியப்பர். கேடே இல்லாதவர். என் வண்டிக்கு மட்டும் எப்படி வந்தது கேடு?

பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் ஷெட். “முப்பது வருஷமா இந்த ரோட்டுல ஸ்பேனர் புடிக்கிறேன் சார், பாத்துருவோம்” என்று வந்தார். அவர் பார்த்த வரிசையை நீங்களும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள், உதவும். முதலில் ஹேண்டில்பாரில் இருக்கிற சிவப்பு ஸ்விட்ச். குழந்தைகள் அதைத் தட்டிவிட்டு, அப்பாக்கள் அரைமணி நேரம் வியர்வை சிந்திய கதைகள் ஊருக்கு நூறு இருக்கும். அடுத்தது சைடு ஸ்டாண்டு. இப்போது பல வண்டிகளில் அது இறங்கியிருந்தால் இன்ஜின் கிளம்பாது. அப்புறம் பெட்ரோல், பேட்டரி, ஃப்யூஸ். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் ‘ஙீ’ என்று ஒரு சத்தம் வருகிறதா? வந்தால் பம்ப்புக்கு கரண்ட் வருகிறது என்று அர்த்தம். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை.

“ஏதோ ஒரு சென்சார் போயிருக்கு சார். எதுன்னு வண்டிக்குத் தெரியும். நமக்குச் சொல்லாது. கம்பெனி கம்ப்யூட்டரை மாட்டுனாத்தான் பேசும்.”

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். கம்பெனி ஆள் ஒரு வயரைச் செருகினார். இரண்டே நிமிஷத்தில் திரையில் ஒரு நம்பர் வந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சாரை மாற்றினார். சென்சார் விலையைவிடக் குட்டியானை வாடகை அதிகம். ஒரு நாள் பிழைப்பும் போச்சு.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முப்பது வருஷ அனுபவம் தோற்றது திறமை இல்லாமலா? இல்லை. அந்த இரண்டு நிமிஷ வயர் அவர் கையில் இல்லாததால்.

அந்தக் காலத்து ஸ்கூட்டரை நினைத்துப் பாருங்கள். மக்கர் பண்ணினால் ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, நாலு உதை. அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைத் துடைத்துப் போட்டால் கிளம்பிவிடும். டி.வி.எஸ். 50-ஐ பெடலை மிதித்தே உயிர்ப்பித்தார்கள் நம் ஊர் விவசாயிகள். இன்றைக்குப் பல பைக்குகளில் கிக்கரே கிடையாது. பேட்டரி அடியோடு படுத்துவிட்டால் பம்ப்பும் படுத்துவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் சந்தேகம்தான்.

‘அப்போ பழைய புகை வண்டியே நல்லதுங்கிறீங்களா?’ என்று கேட்பீர்கள். கிடையவே கிடையாது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமானது நல்ல காரியம். பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது, நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குக் கிடைத்த லாபம். வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே விதிகளோடு வந்ததுதான். என் கேள்வி ஒன்றே ஒன்று. நான் காசு கொடுத்து வாங்கிய வண்டி, தன் நோயை என்னிடம் சொல்லாமல் கம்பெனியிடம் மட்டும் சொல்வது என்ன நியாயம்? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நோயாளியிடம் காட்டமாட்டேன் என்கிற டாக்டரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

கார்க்காரர்கள் சும்மா விடவில்லை. 2011-ல் ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களும் கோளாறு பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின என்பது வேறு கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டே இந்த உரிமையை வாங்கினார்கள். அதுவும் காருக்குத்தான்.

நாற்றுக்கட்டையும் உர மூட்டையையும் சுமக்கிற பைக்குக்கு? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால், வெளி மெக்கானிக்கிடம் தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் வரவில்லை. இணையதளம் வேண்டுகோள் விடுக்கும், அவ்வளவுதான்.

‘தெரியாதவர்கள் கைவைத்தால் ஆபத்து’ என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். தெரியாதவர்கள் என்றால் சொல்லிக்கொடுங்களேன்! கையேட்டைத் தமிழில் போடுங்கள். கருவியை நியாய விலைக்கு விற்றுவிட்டு, அப்புறம் பேசுங்கள் ஆபத்தைப் பற்றி.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது மைலேஜ், கலர், தவணை எல்லாம் கேளுங்கள். கூடவே மூன்று கேள்வி. கிக்கர் இருக்கா? எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் அர்த்தத்தை எங்கள் ஊர் மெக்கானிக் படிக்க முடியுமா? சென்சார் வெளிக்கடையில் கிடைக்குமா? விற்பனையாளர் முழிப்பார். முழிக்கட்டும். நாலு பேர் கேட்டால் முழிப்பார், நாலாயிரம் பேர் கேட்டால் மேலிடத்துக்குச் சொல்வார்.

அன்றைக்கு வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டிவிட்டு, அந்த மெக்கானிக்கிடம் “எவ்வளவுண்ணே?” என்றேன்.

“வேலையே செய்யலையே சார், காசு எதுக்கு?” என்றார்.

அவரைச் செய்யவிடவில்லை என்பதுதான் உண்மை.