போமட் அடிக்க முதல் ஒரு டிவிடி எழுதிப் பாருங்கோ

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. நூலகப் புத்தகப் பட்டியல், அங்கத்தவர் சந்தாக் கணக்கு, முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப்போட்டிப் படங்கள் எல்லாம் அதுக்குள்ளதான். போன வருசம் ஒருநாள் விண்டோஸ் திறக்கவில்லை. கறுப்புத் திரை மட்டும்தான். கடைக்குக் கொண்டுபோனால், "போமட் அடிக்கத்தான் வேணும், உள்ள இருக்கிறது போகும்" எண்டு சொல்லிப்போட்டினம்.

கடைக்காரரைக் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து மெசின் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இறங்கிப் பைல் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. என் கேள்வி எங்களைப் பற்றியது. கொம்பியூட்டர் பாவிக்கத் தெரிந்த இத்தனை பெடியள், பெட்டையள் இருக்கிற ஊரில், ஒரு இயங்குதள டிவிடியை எழுதி, அதிலிருந்து மெசினைத் திறக்க ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை?

எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ பைலை டவுண்லோட் பண்ணி, டிவிடியில் இழுத்துப் போட்டு, பெருமையாகக் கொண்டுபோய்ச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது டிவிடியும் அப்படியே வீண். பிறகுதான் விசயம் விளங்கியது.

ஐஎஸ்ஓ என்பது படம், பாட்டு மாதிரி கொப்பி பண்ணுகிற சாமான் இல்லை. அது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு. எந்தப் பகுதியில் எது இருக்கவேண்டும் என்பது வரைக்கும் அதற்குள் இருக்கிறது. மெசின் தொடங்கும்போது பயோஸ் டிஸ்க்கில் ஒரு குறித்த இடத்தைத் தேடிப் பார்க்கும். 1995 இல் வந்த எல் டொரிட்டோ என்ற ஒழுங்குவிதிதான் அந்த இடத்தைத் தீர்மானித்தது. அங்கே இருக்கிற குறிப்பு, தொடங்குவதற்கான நிரல் எங்கே கிடக்கிறது என்று காட்டும். ஐஎஸ்ஓவை வெறும் பைலாகக் கொப்பி பண்ணினால் அந்தக் குறிப்பு அந்த இடத்துக்கு வராது. வீட்டு பிளானைச் சுருட்டிக் காணிக்குள் வைத்தால் வீடு எழும்புமா? அந்தக் கதைதான்.

ஆகவே செய்யவேண்டியது "இமேஜை எழுது" என்பது. விண்டோஸ் 7 இலிருந்து இதற்குத் தனி சொப்ட்வெயர்கூடத் தேவையில்லை. ஐஎஸ்ஓவில் ரைட் கிளிக் பண்ணினால் "பேர்ன் டிஸ்க் இமேஜ்" என்று வரும். எழுதி முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லும் பெட்டியில் ஒரு புள்ளடி போட்டுவிடுங்கோ. லினக்ஸில் பிரசேரோ, கே3பி இருக்கின்றன. பழைய ரைட்டர் என்றால் வேகத்தைக் குறைத்து எழுதுவது நல்லது. முடிந்தபின் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ பைல் மட்டும் தெரிந்தால் பிழை. கோப்புறைகள் பல தெரிந்தால் சரி.

எழுதமுதல் செய்யவேண்டிய இன்னொரு வேலையைத்தான் நாங்கள் எல்லாரும் பாய்ந்துபோகிறோம்: வந்த பைல் சரியான பைல்தானா என்று பார்ப்பது. டவுண்லோட் பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று ஒரு நீளமான எழுத்துச் சரம் இருக்கும். உங்கள் பைலுக்கும் அதே சரம் வரவேண்டும். விண்டோஸில் சேர்ட்யூட்டில் என்ற கட்டளையே இதைக் கணித்துத் தரும். கோல் எடுக்கிற நேரத்தில் சிக்னல் விழுந்து பைல் பழுதாகியிருந்தால் இங்கேயே பிடிபடும், ஒரு டிவிடி மிச்சம்.

பழுது மட்டும் இல்லை, களவும் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்துக்கே அந்த நிலை. தளத்தையே பிடித்தவன் அங்கே இருக்கிற சரத்தையும் மாற்றலாம் என்பதால், கையொப்பத்தையும் சோதிக்கப் பழகுவது இன்னும் நல்லது. இப்ப யோசியுங்கோ, யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத "கிராக்" விண்டோஸ் டிஸ்க்கை நாங்கள் எந்த நம்பிக்கையில் போடுகிறோம்? அதுவும் வைரஸ் காவலை நிற்பாட்டிப்போட்டு! வங்கிக் கணக்கையும் அதே மெசினில்தான் திறக்கிறோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது இன்னொரு பக்கம். எனக்குச் சட்டப் பயத்தைவிட இந்த நம்பிக்கைதான் பெரிய பிரச்சினை.

"இந்தக் காலத்தில டிவிடியா? பென்டிரைவ் இருக்கே!" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. புது லப்டொப்பில் டிவிடி ட்ரைவே இல்லை. ரூபஸ், வென்டோய் மாதிரி ஒன்றால் பென்டிரைவில் எழுதினால் வேலை முடிந்தது. ஐஎஸ்ஓ ஒன்றுதான், சரிபார்க்கிற வேலையும் ஒன்றுதான். சில இமேஜ்கள் டிவிடிக்கு அடங்கவும் அடங்காது. உபுண்டு 24.04 டெஸ்க்டொப் 4.7 ஜிபியைத் தாண்டிவிட்டது. மின்ட் 22 மூன்று ஜிபிக்குக் கிட்ட, அது அடங்கும். ஆனால் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் கிடக்கிற பழைய மெசின்களில் சில யூஎஸ்பியிலிருந்து திறக்க மறுக்கும். பென்டிரைவ் பத்துக் கைக்குப் போய் வைரஸோடு திரும்பி வரும், இல்லாட்டி யாராவது அழித்துப் படம் ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை எழுதி முடித்த டிவிடி-ஆர் மாறாது. மேலே பெயரையும் திகதியையும் எழ்தி அலுமாரிக்குள் வைக்கலாம்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. பழைய மெசின் கனக்கவற்றில் அது இல்லை. இந்த விலைவாசியில் ஒரு பாடசாலையோ ஒரு குடும்பமோ புதிது வாங்குவது லேசான காரியமா? மின்ட் 22 இரண்டு ஜிபி ரேமிலும் ஓடும், நாலு இருந்தால் வசதி. 2029 வரை திருத்தங்கள் வரும். ஒருவர் இரவு டேட்டாவில் இறக்கினால் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம், அதை உரிமமே அனுமதிக்கிறது. 2005 முதல் 2011 வரை உபுண்டுக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க இலவசமாகத் தபாலில் சீடி அனுப்பினார்கள். இப்போது அந்தத் தபால் இல்லை. அந்த வேலையை ஊருக்குள் நாங்கள் செய்யலாம்.

லினக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். பாமினியில் அடித்த பழைய ஆவணங்களுக்கு எழுத்துருவைத் தேடிப் போடவேண்டும். சில பிரிண்டர்கள் சண்டை பிடிக்கும். வேர்ட் பைல் லிப்ரே ஒபிஸில் கொஞ்சம் குழம்பும். விண்டோஸ்தான் வேணும் என்பவர்கள் அதன் ஐஎஸ்ஓவை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தே எடுத்து, உரிமத்தோடு பாவிக்கட்டும். எதைப் போடுவது என்பது அவரவர் விருப்பம். எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போடவேண்டும், அவ்வளவுதான்.

சனசமூக நிலையத்துக் கதைக்கு வருவோம். மூன்றாவது டிவிடி சரியாக எழுதுப்பட்டது. மெசினைப் போட்டு எஃப் 12 ஐ அமத்தி, டிவிடியிலிருந்து திறந்தோம். நிறுவாமலேயே மின்ட் திரைக்கு வந்தது. பழைய ஹாட் டிஸ்க்கைத் திறந்தால் புத்தகப் பட்டியல், சந்தாக் கணக்கு, படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பழுதானது விண்டோஸ் மட்டும்தான். எல்லாவற்றையும் கொப்பி எடுத்தபிறகுதான் போமட் அடித்தோம்.

அந்த டிவிடி இப்போது வாசிகசாலை மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உங்கட ஊர் லாச்சிக்குள்ளும் ஒன்று இருக்கட்டும். அதை எழுதத் தெரிந்த இரண்டு பேராவது ஊரில் இருக்கட்டும்.